கோத்தகிரியில் கடைத் திறப்பு: சீசனிலா, ஆவணியிலா, தையிலா?

அண்ணன் மகள் பேக்கரி திறக்கிறாள். கோயம்புத்தூரில் மூன்று வருஷம் ஓவன் பக்கத்தில் நின்று கை சுட்டுப் பழகியவள். இப்போது கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை பிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். முன்னால் கவுன்ட்டர், பின்னால் எட்டு மேசை போடக்கூடிய ஒரு ஹால். பங்குனி பிறந்த வாரம் வீட்டுக்கு வந்து, "திறப்பு விழாவுக்குன்னு ஒரு லட்சம் தனியா வச்சிருக்கேன் சித்தப்பா. எப்படிப் பண்ணலாம், சொல்லுங்க" என்றாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருஷம் இந்த மலையில் சாமியானா பந்தலும் சவுண்ட் சர்வீஸும் நடத்தியவன் நான். ரிப்பன் வாங்கிவிட்டுக் கத்தரிக்கோலை மறந்த முதலாளிகளுக்கு என் ஒயர் கட்டரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அமர்க்களமாகத் திறந்த கடைகளில் சில, ஆறு மாதத்தில் ஷட்டரில் 'வாடகைக்கு' என்று ஒட்டிக்கொண்டதையும் பார்த்தேன். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கணக்கைப் போட்டோம்.

எப்படிக் கொண்டாடுவது என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று முடிவாக வேண்டும். சமவெளியில் பஞ்சாங்கம் பார்த்தால் போதும். இங்கே பஞ்சாங்கம், மழை, இலைக்காசு (பச்சைத் தேயிலை விற்று வருகிற பணம்), ரோடு என்று நாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மே மாதம்

அவள் மனதில் முதலில் இருந்தது இதுதான். மே தொடக்கத்தில் நம் ஊர் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, அதற்கப்புறம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, மாதக் கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. ஊரே வண்டியும் ஆளுமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் பாதி கடைக்குள் வந்தாலே போதுமே என்று தோன்றும். எனக்கும் இருபது வயதில் அப்படித்தான் தோன்றியது.

சீசனில் போலீஸ் வழக்கமாக ரோட்டை ஒருவழியாக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி. அதாவது நம் ஊருக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி சுற்றி முடித்து வீட்டுக்குத் திரும்புகிற கூட்டம். பிள்ளைகள் தூங்கிவிட்டிருக்கும், சாக்லேட்டும் வர்க்கியும் (மொறுமொறுவென்ற அடுக்கு பிஸ்கட்) ஊட்டியிலேயே வாங்கி டிக்கியில் போட்டாயிற்று. நமக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டிய மாவு, டால்டா, சொந்தக்காரர்கள் எல்லாம் குன்னூரைச் சுற்றித்தான் வர வேண்டும். போதாததற்கு 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளி வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வெளி வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். நீலகிரிப் பதிவு கொண்ட நம் டி.என். 43 வண்டிக்குக் கவலையில்லை. திருப்பூரிலிருந்து வேனில் வருகிற மாமா வீட்டாரிடம் "பாஸ் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டுத்தான் பத்திரிகையே கொடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, ஊர்க்காரர்கள் சீசனில் கடைத்தெருப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது. பச்சை இலை பறிப்பும் அப்போது மும்முரம். திறப்பு விழாவுக்கு வந்த முகங்களை ஜூன் பதினைந்துக்கு மேல் பார்க்கவே முடியாது.

தை

வழி பிறக்கும் மாதம், அண்ணிக்கு இதுதான் ஆசை. மார்கழியில் யாரும் கடை திறக்க மாட்டார்கள். அந்த மாதத்தை ஒட்டித்தான் இந்த மலையின் படுகர் சமூகத்து வீடுகளில் ஹெத்தையம்மன் பண்டிகையும் வரும். பேரகணிப் பக்கம் வெள்ளை உடுத்திய கூட்டம் சாரை சாரையாக நடக்கும்போது மற்ற விசேஷத்தை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். தை பிறந்ததும் எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள், வானம் வெளுத்திருக்கும், பந்தலுக்கு மழைப் பயமில்லை.

ஆனால் அதுதான் கையில் காசில்லாத மாதம். பனி விழுந்தால் கொழுந்து கருகும், பறிப்பு குறையும், இலைக்காசு பாதியாகும். இந்த ஊரில் கேக் வாங்குவதும் தள்ளிப்போடுவதும் இலைக்காசைப் பொறுத்தது என்பதைப் பலசரக்குக் கடைக்காரரின் பற்று நோட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தையில் வருவார்கள், டீ குடித்து வாழ்த்துவார்கள். வாங்குவது மாசியா பங்குனியா என்பது இலையைப் பறித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். அதற்குள் பத்து மாத வாடகை போயிருக்கும்.

நடுவில் விஜயதசமி இருக்கிறதே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல நாள்தான், இரண்டாம் சீசனும் அப்போதுதான். ஆனால் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் மழையென்றால் அது வடகிழக்கு மழை. ஐப்பசி, கார்த்திகையில் மலையே ஊறிப்போயிருக்கும். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நேரில் பார்த்தவர்கள் ஐப்பசியில் பந்தல் போடச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லவில்லை.

ஆவணி

வெளியூர்க்காரர்களிடம் ஆகஸ்ட் கடைசி என்றால் "மழைக்காலமாச்சே" என்பார்கள். கூடலூருக்கும் அவலாஞ்சிக்கும் அது சரி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் கோத்தகிரி மலையின் கிழக்கு முதுகில் இருக்கிறது. தென்மேற்கு மழையை மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்வதால் நமக்குச் சாரலும் காற்றும்தான் மிச்சம். காற்றைக் கொஞ்சம் மதிக்க வேண்டும். துணிச் சாமியானா கட்டினால் பட்டமாகப் பறக்கும். குழாய் நட்டுத் தகரம் போட்டு, நாலு மூலையிலும் மணல் மூட்டை கட்டினால் போதும்.

ஆடி முழுக்க நல்ல காரியம் செய்யாமல் இருந்துவிட்டு எதற்காவது போக வேண்டும் என்று ஜனங்கள் காத்திருக்கும் மாதம் ஆவணி. ரோடு காலி, இ-பாஸ் கெடுபிடி குறைவு, இலை மறுபடி கிளம்பியிருக்கும், கூட்டமில்லாததால் ஊர்க்காரர்கள் நிதானமாகக் கடைத்தெருவில் நடப்பார்கள். செப்டம்பரில் இரண்டாம் சீசன் வரும்போது கடைக்கு ஒரு மாதப் பழக்கம் ஏறியிருக்கும்.

ஆவணிக்கு ஒரே எதிர்வாதம் வாடகை. சித்திரையில் தயாராகிற கடையை ஆவணி வரை பூட்டி வைக்க முடியுமா? இந்த இடத்தில்தான் கொஞ்சம் சண்டை போட்டுக்கொண்டோம். நான் சொன்ன வழி இது: உரிமம், உணவுப் பதிவு எல்லாம் கையில் வந்ததும் சித்திரையில் ஒரு நல்ல நேரத்தில் பாலைக் காய்ச்சி முன் கவுன்ட்டரை மட்டும் திற. பத்திரிகை வேண்டாம், பந்தல் வேண்டாம், போர்டுகூட வெறும் பெயர்ப் பலகை. மே மாதக் கூட்டத்தில் விற்பதை விற்று, ஆட்களைப் பழக்கு. பின் ஹாலையும் பெரிய போர்டையும் ஆவணியில் விழா வைத்துத் திற.

"அப்போ டூரிஸ்ட்டுக்கு மட்டும் கருகின பன் கொடுக்கச் சொல்றீங்களா சித்தப்பா?"

அப்படி இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் அப்படித்தான். கோயம்புத்தூரில் இரண்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே குளிரில் எவ்வளவு நேரம் எடுக்கும், கரண்ட் போனால் ஓவனிலிருக்கும் தட்டு என்ன ஆகும், கல்லாவில் நிற்கும் பையன் சில்லறைக்கு எத்தனை முறை தடுமாறுவான் என்பதெல்லாம் விழா நாளன்று நானூறு பேர் முன்னால் தெரிய வேண்டிய விஷயங்கள் அல்ல. இன்னொரு கேள்வியும் கேட்டாள்: ஓடுகிற கடைக்குத் திறப்பு விழாவா என்று சிரிக்க மாட்டார்களா? ஹால் புதிது, மேசை புதிது, போர்டு புதிது. சிரித்தாலும் வந்து பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

எந்த மாதிரி விழா?

நான் பார்த்த திறப்பு விழாக்கள் மூன்று ஜாதி.

முதலாவது, வி.ஐ.பி. விழா. மேடை, சிறப்பு விருந்தினர், சால்வை, செண்டை மேளம், வாசலில் கல்வெட்டு. ஒருமுறை பத்து மணி விழாவுக்கு விருந்தினர் பர்லியாறு தாண்டி ஒரு லாரி கவிழ்ந்ததில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டரைக்கு வந்தார். அதற்குள் வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குப் பிறந்து பன்னிரண்டுக்கு முடிந்தே போயிருந்தது. முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ மூன்று தடவை சூடாக்கிக் கஷாயமாகிவிட்டது. மலையில் கீழிருந்து வரும் யாரையும் நம்பி முகூர்த்தம் வைக்கக் கூடாது. இந்த விழாவால் கிடைப்பது நாலு போட்டோ. நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் அந்தப் போட்டோ உதவலாம். பன் வாங்க வருகிறவர் அமைச்சர் திறந்த கடையா என்று பார்க்க மாட்டார்.

இரண்டாவது, தள்ளுபடி விழா. முதல் நூறு பேருக்குப் பாதி விலை, ஒரு ரூபாய்க்கு ஒரு பிளேட் என்கிற வகை. சமவெளியில் ஒரு ரூபாய் பிரியாணிக்கு நின்ற வரிசைகளை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்போம். இங்கே ரோடே இருபதடி, ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் சரிவு. இருநூறு பேர் நின்றால் பஸ் திரும்பாது. நான் ஸ்பீக்கர் கட்டின ஒரு ஓட்டல் திறப்பில், காலை எட்டரைக்கே போலீஸ் வந்து ஷட்டரை இறக்கச் சொன்னது. வரிசையில் நின்று கிடைக்காமல் போனவர்களின் கோபம் அந்தக் கடை மேல் ரொம்ப நாள் இருந்தது. கிடைத்தவர்களும் முழு விலைக்குத் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

அதே விழாவுக்குக் கீழிருந்து ஒரு பிரியாணி மாஸ்டரையும் கூட்டி வந்திருந்தார்கள். கை தேர்ந்த ஆள். ஆனால் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கொதிக்கிறதே என்று தன் கணக்குப்படி வடித்தார், அரிசி நடுவில் நரம்பு நின்றது. இங்கே சமைத்துப் பழகியவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருப்பார்கள். பலூன் கதையும் இதே வகைதான். மேட்டுப்பாளையத்தில் விறைக்க விறைக்கக் காற்றடித்து வேனில் ஏற்றினால், மேலே வர வர அழுத்தம் குறைந்து பலூன் ஐந்தில் ஒரு பங்கு பெருக்கும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்த நமக்கு இது அதிசயமில்லை. வேன் டிரைவருக்குத்தான் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ஒரு வெடி.

மூன்றாவதை நான் டீ விழா என்பேன். யாருக்கும் தள்ளுபடி இல்லை, வருகிற எல்லோருக்கும் ஒரு டீ, இரண்டு வர்க்கி, உட்கார ஒரு நாற்காலி. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை எப்போது வந்தாலும். முந்நூறு பேர் என்றால் தலைக்கு 100 மில்லி, 30 லிட்டர் டீ, அறுநூறு வர்க்கி. ஒரு லட்சத்தில் இது ஒரு மூலைக்குக்கூட வராது. போகும்போது கையில் ஒரு சீட்டு: எட்டாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாளுக்குள் வந்தால் இன்னொரு டீ இலவசம். வெறும் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போக நம் ஜனங்களுக்குக் கூச்சம். கூட ஒரு பப்ஸாவது வாங்குவார்கள். மூன்று வாரம் கழித்துப் பெட்டியில் எத்தனை சீட்டு சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் விழா பலித்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். முதல் இரண்டு ஜாதி விழாவில் இப்படி எண்ணிப் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது.

அவளுக்கு இது சப்பென்று இருந்தது. "கல்யாணத்துக்குக்கூட மேளம் வேணாம்னு சொல்லிட்டேன், கடைக்காவது வேணும்" என்றாள். நியாயம்தான்.

மேளம், மைக், அழைப்பு

செண்டை கேட்க நன்றாயிருக்கும், ஆனால் ஆட்கள் பலர், வேன், தங்கும் இடம், சாப்பாடு என்று செலவு கிளை விடும். அடிக்கும்போது கடைக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. நாதஸ்வரம், தவில் இரண்டு பேர் காலைப் பூஜைக்கு வந்தால் போதும் என்பது என் கட்சி. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் கொம்பும் பறையும் வைக்கலாமே என்று யாரோ ஐடியா கொடுத்திருக்கிறார்கள். அது அவர்கள் சாமிக்கும் சாவுக்கும் வாசிக்கிற இசை, ரிப்பன் வெட்ட வாசலில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. வந்த கூட்டத்தில் படுகர்கள் இருந்தால் ஒரு படுகப் பாட்டைப் போட்டால் போதும், வட்டம் தானாகக் கூடும், யார் வேண்டுமானாலும் சேர்ந்து ஆடலாம். செலவே இல்லாத நிகழ்ச்சி. சமதளமாக ஒரு வட்டத்துக்கு இடம் வேண்டும், அது இந்த ஊரில் மேளத்தைவிடக் கிடைப்பது கஷ்டம்.

மைக்குக்குப் போலீஸ் அனுமதி எழுதி வாங்க வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, ஆகவே பிரம்ம முகூர்த்தத்தில் கணபதி ஹோமம் வைப்பவர்கள் மந்திரத்தை ஐயர் குரலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி 100 மீட்டருக்குள் இருந்தால் பகலிலும் பாக்ஸைக் கட்டாமல் இருப்பது மரியாதை, சட்டமும் அதுதான்.

கப், பாட்டில், பிளெக்ஸ் விஷயத்தில் ஒப்பிடவே ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்து மாநிலம் முழுக்கத் தடை. நீலகிரியில் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. விழா நாளிலேயே அபராத ரசீது வாங்குவது நல்ல போணி இல்லை. நூற்றிருபது கண்ணாடி டம்ளர் வாடகைக்கு, கழுவ இரண்டு பேர், எவர்சில்வர் டிரம்மில் வெந்நீர். பேனர் துணியில். குளிர் ஊரில் கண்ணாடி டம்ளரைக் கையில் பொத்திப் பிடித்துக்கொள்வதே ஒரு சுகம், பேப்பர் கப்பில் அது வராது.

அழைப்புக்கு மூன்று வழி பேசினோம். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது, பேப்பருக்குள் நோட்டீஸ் வைப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் ரீல்ஸும். மூன்றும் அவளே பார்த்துக்கொள்வாள், செலவு பெரிதில்லை. நான் கட்டாயம் என்று சொன்னது நாலாவதை: நேரில் போவது. பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை, எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன்களில் ஞாயிறு மதியம் ஒரு சுற்று, மசூதி, சர்ச், கோயில் மூன்றிலும் ஒரு பத்திரிகை, அதே தெருவில் ஏற்கெனவே இருக்கும் பேக்கரிக்காரருக்கு முதல் பத்திரிகை. கடைசியில் சொன்னதற்கு அவள் முகம் சுளித்தாள். அவர் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால், ஈஸ்ட் தீர்ந்துபோன ஒரு காலையில் இவள் அவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். அண்ணனுக்கு இது உடனே புரிந்தது, அவன் முப்பது வருஷம் பலசரக்குக் கடையில் நின்றவன்.

கிழமையும் ஒரு சின்ன இழுபறி. அண்ணிக்கு வெள்ளி, எனக்கு ஞாயிறு. வெள்ளியன்று எஸ்டேட்டில் வேலை நாள், ராகு காலமும் ஜனங்கள் வருகிற நேரத்தில் நடுவில் உட்காரும். ஞாயிறு ராகு காலம் மாலை நாலரைக்குத்தான், சர்ச் முடிந்து பதினொன்றுக்கு மேல் ஒரு கூட்டம் தானாக இறங்கும். வேண்டுமானால் பூஜையை வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வீட்டாரோடு முடித்துக்கொண்டு விழாவை ஞாயிறு வைக்கலாம் என்றேன். அண்ணி ஒத்துக்கொண்டாள்.

மாலை விழா வேண்டவே வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார்கள். இருட்டினால் இன்னொரு விருந்தினர். வர்க்கித் தூள், கேக் கிரீம், ஜீராப் பாத்திரம் வெளியே கிடந்தால் கரடி தேடிக்கொண்டு வரும். கதவை உடைத்து இனிப்பையும் எண்ணெயையும் தின்றுவிட்டுப் போன கரடிகளை இந்த ஊர்க் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நாலு மணிக்கு டீ நிறுத்தம், ஐந்தரைக்குள் வாழை இலைத் துண்டு முதற்கொண்டு குப்பை வண்டியில் ஏறிவிட வேண்டும். இதற்கென்று கூலிக்கு இரண்டு ஆள் வைப்பதை விழாச் செலவிலேயே எழுதிக்கொண்டோம்.

ரிப்பன் யார் வெட்டுவது? தலைவர், கவுன்சிலர் பெயரெல்லாம் வந்து போனது. கடைக்கு எதிர்ப்படியில் நாற்பது வருஷமாகக் கீரை விற்கிற பாட்டி ஒருத்தி இருக்கிறாள். இலங்கையிலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவள், பொழுது விடிந்ததும் அங்கேதான் இருப்பாள், லேட்டாக வருகிற பேச்சே இல்லை. அவளைக் கேட்கலாம் என்று நான் சொன்னதும் அண்ணன் மகள் உடனே சரி என்றாள். பாட்டி மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. "அன்னிக்குக் கீரைக் கட்டை யாரு பாத்துப்பா?" என்கிறாள்.

மொத்தக் கணக்கு ஐம்பத்தைந்தாயிரத்தில் நிற்கிறது. மிச்சத்தில் ஜெனரேட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிவிடு, ஐப்பசியில் கரண்ட் போகும்போது உதவும் என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. நேற்று அவள் போனில் பாலக்காட்டுச் செண்டைக்காரர் ஒருவரோடு ரேட் பேசிக்கொண்டிருந்ததாக அண்ணி சொன்னாள்.